கவினின் ஈறு

வித்யா, மாலை 7:42
[படம்]
கவினுடைய ஈறு. பல்லுக்குக் கிளிப் போட்டு ஆறு வாரம்தான் ஆகிறது, அதற்குள் இப்படிச் சிவந்து வீங்கிவிட்டது. துலக்கினால் ரத்தம் வேறு. ஒழுங்காகத் துலக்குவதில்லை என்று காலையில் சத்தம் போட்டேன். அழுதுகொண்டே ஸ்கூலுக்குப் போனான்.

செந்தில் மாமா, 7:50
பத்து வயதுப் பிள்ளைக்குக் கம்பி எதற்கு? கழற்றிவிடச் சொல்லலாமே.

மீனா அக்கா, 8:05
அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம் மாமா.
வித்யா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளிப் கீழேயும் இருக்கிறது, ஆனால் கீழ் ஈறு நன்றாகவே இருக்கிறது. மேலே, முன்பல் நாலைந்துக்கு மட்டும்தான் சிவப்பு, அதுவும் காய்ந்து பளபளவென்று. துலக்காததால் வந்தது என்றால் கீழேயும் கொஞ்சம் தெரிய வேண்டும். அவன் வாயைத் திறந்துகொண்டா தூங்குகிறான்?

வித்யா, 8:07
ஆமாம் அக்கா. குறட்டையும் உண்டு. எழுந்ததும் உதடு காய்ந்துபோயிருக்கும், முதலில் தண்ணீர்தான் கேட்பான். எப்போதும் சளிதானே என்று விட்டுவிட்டோம்.

மீனா அக்கா, 8:16
பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். எங்கள் கிளினிக்கில் இப்படிப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள்.
வாய்க்குக் காவல் எச்சில்தான். பாக்டீரியா இனிப்பைத் தின்று அமிலம் விடும். எச்சில் அந்த அமிலத்தை மட்டுப்படுத்தி, கரைந்துபோன கால்சியத்தையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். தூக்கத்தில் எல்லோருக்குமே எச்சில் குறைவு. வாயும் திறந்திருந்தால் இருக்கிற கொஞ்சமும் காய்ந்துவிடும். காற்று நேராக மேல் முன் ஈறில் படுவதால் முதலில் அங்கேதான் தெரியும்.

பெரியம்மா, 8:20
கம்பிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு கண்ணு.

மீனா அக்கா, 8:29
சாப்பிட்ட பாத்திரத்தை உடனே கழுவினால் தண்ணீரிலேயே போய்விடும். காயவிட்டால் சுரண்ட வேண்டும், இல்லையா பெரியம்மா? அவன் வாய் ராத்திரி முழுக்க அப்படிக் காய்கிறது. அதில் இப்போது ஒவ்வொரு பல்லிலும் கம்பியைத் தாங்க ஒட்டிய ஒரு குட்டிப் பிராக்கெட், அதைச் சுற்றி மூலை முடுக்கு. அழுக்கு அங்கே படிந்தால் நாக்கும் எச்சிலும் எட்டாது. சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகளுக்கு அதுதான் வசதியான இடம். கிளிப் போட்ட பிறகு அவை பெருகுவது வழக்கம்.
வாயில் அமிலம் கூடக் கூட பி.எச். அளவு குறையும். அது 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேல் பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு மாதத்திலேயே பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தழும்பு வரலாம். கிளிப்பைக் கழற்றின பிறகும் அது மறையாமல் இருக்கலாம். வித்யா, நாளைக்கு வெளிச்சத்தில் பல்லைத் துடைத்துவிட்டுப் பார்.

செந்தில் மாமா, 8:33
தூங்கும்போது வாயில் பிளாஸ்டர் ஒட்டச் சொல்லி ஒரு வீடியோ வந்ததே, அனுப்பட்டுமா?

மீனா அக்கா, 8:35
வேண்டவே வேண்டாம் மாமா! மூக்கு அடைத்திருக்கும் பிள்ளைக்கு மூச்சு விட வாய் ஒன்றுதான் வழி. அதையும் ஒட்டினால் ஆபத்து.
மூக்கு ஏன் அடைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம், டான்சிலாக இருக்கலாம், அலர்ஜியாகவும் இருக்கலாம். குறட்டை வேறு இருப்பதால் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டு வித்யா. கிளிப் போட்ட டாக்டரிடமும் சொல்லிவிடு. வருடக்கணக்கில் வாயால் மூச்சு விட்டால் மேல் அண்ணம் குறுகலாம், அவர் திட்டத்துக்கே இது தேவை.

வித்யா, 8:41
சரி அக்கா. இன்று ராத்திரி என்ன செய்யட்டும்?

மீனா அக்கா, 8:52
பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, பிராக்கெட்டுக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. கம்பிக்கு அடியில் குட்டிப் பிரஷ். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது, மெதுவாகத் துலக்கட்டும். பத்து வயதுக்குத் தனியாக எட்டாது, கடைசியில் நீ ஒரு முறை செய்துவிடு. புளோரைடு பேஸ்ட், நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைடு போய்விடும். அதற்குப் பிறகு தாகம் எடுத்தால் தண்ணீர் மட்டும். மவுத்வாஷ் நீயாக வாங்காதே, குளோர்ஹெக்சிடின் இருந்தால் நாள்பட்ட உபயோகத்தில் பல் கறைபடும்.
அப்புறம், அவனைத் திட்டாதே. கீழ்ப் பல்லைப் பார்த்தால் குழந்தை ஒழுங்காகத்தான் துலக்கியிருக்கிறான்.

வித்யா, 10:14
குட்டிப் பிரஷ்ஷை அவனே கண்ணாடி முன்னால் பிடித்துக்கொண்டு செய்தான். நான் திட்டியது தப்பு என்று சொன்னேன். “கீழே சுத்தமா இருக்குன்னு அத்தை சொன்னாங்களா?” என்று இரண்டு தடவை கேட்டான்.
இப்போது தூங்குகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வாய் திறந்துதான் இருக்கிறது, நாக்கு காய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது.

மீனா அக்கா, 10:16
போர்வையை விலக்கி, நெஞ்சும் முகமும் தெரிகிற மாதிரி இரண்டு நிமிடம் வீடியோ எடு, சத்தத்தோடு. நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார். டாக்டரிடம் அதைக் காட்டு.

வித்யா, 10:21
[வீடியோ]