பீரோவைத் திறந்தால் நெட் போகிறது (விளையாட்டில்லை)

மாடிவீட்டுக்காரன்:
போன ஞாயிறு வெள்ளையடிக்க அம்மாவின் பீரோவை நகர்த்தித் திரும்ப வைத்தோம். அன்றிலிருந்து பீரோக் கதவைத் திறந்தாலே மோடத்தில் 'எல்ஓஎஸ்' லைட் (சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக மினுக்குகிறது. மூடினால் கொஞ்ச நேரத்தில் நெட் வந்துவிடுகிறது. புகாருக்கு வந்த தம்பி மோடத்தை ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டு, "லைன் ஓகே சார்" என்று கிளம்பிவிட்டார். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவு) மைனஸ் 27.9 என்று இருக்கிறது. பழைய ஸ்கிரீன்ஷாட்டில் மைனஸ் 18.9. எது நல்லது?

தூத்துக்குடி மாமா:
நல்ல பீரோ. பரீட்சை நேரத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

இழைஒட்டி:
11 வருடமாகக் கண்ணாடி இழை ஒட்டுவதுதான் என் பிழைப்பு. பீரோவுக்குப் பின்னால் மஞ்சள் வயர் போகிறதா? அது சுவரோடு மடங்கி நசுங்கியிருக்கும்.

மைனஸ் எண் பெரிதானால் ஒளி குறைவு. 3 டிபி (டெசிபல்) குறைந்தால் வெளிச்சம் பாதி. உங்களுக்கு 9 குறைந்திருக்கிறது, அதாவது எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. மைனஸ் 27, 28 வந்துவிட்டாலே பல மோடங்கள் திணறும். கதவு அசைந்தால் பீரோ அசைகிறது, மிச்சமும் போய்விடுகிறது.

இத்தனைக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரே இழையை வழியில் ஸ்ப்ளிட்டர் பல வீடுகளுக்குப் பிரிக்கிறது. 32 வீடு என்றால் அதிலேயே 17 டிபி போச்சு. ஆனால் 20 கிலோமீட்டர் இழையில் ஓடிவரும் செலவு 5 டிபி அளவுதான். உங்கள் பீரோ அதைவிடப் பெரிய திருடன்!

கடையில் இழை சோதிக்கும் சிவப்பு லேசர் பேனா கிடைக்கும். மோடத்திலிருந்து வயரைக் கழற்றி அந்த முனையில் செருகி, அறை விளக்கை அணையுங்கள். மடிந்த இடத்தில் மஞ்சள் உறைக்குள்ளிருந்து சிவப்பாகக் கசியும். வயர் முனையை மட்டும் கண்ணுக்கு நேரே வைக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஆபத்தும் தெரியாது.

மாடிவீட்டுக்காரன்:
ஒடிந்திருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டிவிடலாமா? கேபிள் டிவி வயருக்கு அப்பா அப்படித்தான் செய்வார்.

இழைஒட்டி:
ஐயோ, வேண்டாம். கண்ணாடி 125 மைக்ரான். ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். உறையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முனையை நேராக வெட்டி, மெஷினில் இரண்டையும் எதிரெதிரே வைத்தால் மின்பொறியில் உருக்கிச் சேர்க்கும். வெட்டிய துணுக்கைக் கருப்பு டேப்பில் ஒட்டி எடுத்துவிடுவேன். ஒருமுறை அது விரலில் ஏறி இரண்டு நாள் சோறு பிசைய முடியவில்லை. ஒடிந்திருந்தால் புது பேட்ச் கார்டு (இரு முனையும் பொருத்தியே வரும் இழை வயர்) வாங்கி மாட்டுங்கள், மலிவுதான். பழையதில் பச்சை முனை என்றால் பச்சையே வாங்குங்கள். நீலத்தோடு சேராது, பச்சை சாய்வாகத் தேய்த்தது.

மாடிவீட்டுக்காரன்:
பேனா வாங்கினேன். பீரோவின் பின்கால் வயர் மேலேயே நின்றிருக்கிறது. அந்த இடம் மட்டும் தணல் மாதிரி சிவந்தது. பச்சை முனையில் புது வயர் மாட்டியாயிற்று. இப்போது மைனஸ் 19.2. அம்மா நாலு தடவை கதவைத் திறந்து மூடிச் சோதித்துவிட்டார்.