மவுண்ட் ரோடு ஸ்டூடியோ, 1870கள்: அட்டையின் பின்புறத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி

மெட்ராஸில் எடுத்து அட்டையில் ஒட்டிய ஒரு பழைய புகைப்படம் கையில் இருக்கிறது. தலைப்பாகை கட்டிய ஒருவர் நாற்காலி முதுகில் கைவைத்து நிற்கிறார். அட்டை 64 × 100 மி.மீ., மூலைகள் வளைந்தவை. பின்புறத்தில் 'சாமி' என்று முடியும் தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. அதன்கீழ் மவுண்ட் ரோடு, மெட்ராஸ். லார்ட் ஹோபார்ட்டின் ஆதரவு பெற்றவர் என்று ஒரு வரி. அடியோரத்தில் பொடி எழுத்தில் 'மரியோன், பாரிஸ்'. மையால் 2317 என்று எழுதியிருக்கிறது. படம் எடுத்தவர் யார், எந்த ஆண்டுகளில் தொழில் செய்தார் என்று அறிய வேண்டும். பெயரை இணையத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. பிரெஞ்சு ஸ்டூடியோ எதனுடனாவது அவருக்குத் தொடர்பு இருந்திருக்குமா?

மறுமொழி 1

மரியோன் ஸ்டூடியோ இல்லை, அட்டை செய்து விற்ற கம்பெனி. உலகமெங்கும் புகைப்படக்காரர்கள் அவர்களிடம் பெயர் அச்சிட்ட அட்டையை மொத்தமாக வாங்கினார்கள். எனவே பாரிஸை விட்டுவிடுங்கள்.

உங்களுக்குக் கிடைத்த நல்ல துப்பு ஹோபார்ட். அவர் 1872இல் மெட்ராஸ் கவர்னராக வந்து 1875இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். ஆக, அட்டை 1872க்கு முன்பு அச்சாகியிருக்க முடியாது. பின்னெல்லை மட்டும் அவ்வளவு உறுதியில்லை: ஆயிரக்கணக்கில் வாங்கிய அட்டையைத் தீரும்வரை ஒட்டுவார்கள், கவர்னர் போன பிறகும் அவர் பெயரை விடமாட்டார்கள். வளைந்த மூலையும் 1870களுக்குப் பொருந்துகிறது. 1860களின் அட்டைகள் மெலிந்தவை, மூலை கூரானது. 1880களில் அட்டை தடிக்கும், ஓரத்தில் பொன்பூச்சு வரும்.

10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) படத்தின் வெளிர்ந்த பகுதியைப் பாருங்கள். காகித இழை தெரிந்து, நிறம் மஞ்சளித்து, நுண்ணிய வெடிப்புகள் இருந்தால் ஆல்புமென், அதாவது முட்டை வெண்கரு பூசிய காகிதம். இழையே தெரியாமல் வழவழவென்று இருந்தால் பேரைட்டா என்ற வெள்ளைப்பொடி பூசிய பிந்தைய காகிதம். அப்போது பழைய நெகட்டிவிலிருந்து பின்னாளில் போட்ட பிரதியா என்று பார்க்க வேண்டும். படத்துக்குள்ளேயே இன்னொரு படத்தின் ஓரமோ குண்டூசித் துளையோ தெரிந்தால் அது படத்தைப் படமெடுத்தது. ஆளின் வயதுக்கும் அட்டையின் ஆண்டுக்கும் சம்பந்தம் இருக்காது.

மறுமொழி 2

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடியிருப்பீர்கள், அதனால்தான் கிடைக்கவில்லை. அந்தக் கால மெட்ராஸ் ஆவணங்களில் 'சாமி' பெரும்பாலும் எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய். அதே பெயர் வேறொரு பக்கத்தில் எஸ்-ஏ-எம்-ஐ ஆகவும், 'ஸ்வாமி'யாகவும் வரும். மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப்புக்கு உதவியாளராக இருந்த சி. ஐயாசாமியின் பெயரையே பல விதமாக எழுதியிருக்கிறார்கள். 'ஐ' ஒலியில் தொடங்கினால் ஐ, ஏ, ஒய் மூன்றின் கீழும் பாருங்கள். தலைப்பெழுத்தை நம்பாதீர்கள், அது விழும், மாறும், சில சமயம் ஊர்ப்பெயரே குடும்பப்பெயர் போல முன்னால் நிற்கும்.

அடுத்தது மெட்ராஸின் ஆண்டு முகவரிப் புத்தகமான அசைலம் பிரஸ் அல்மனாக். 1872 முதல் 1885 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் புரட்டுங்கள். தொழில் பட்டியலில் புகைப்படக்காரர் என்ற தலைப்போடு நிறுத்தாமல் ஓவியர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், மருந்துக்கடை ஆகியவற்றையும் பாருங்கள். 1874 தொகுப்பில் இருப்பது 1873 கடைசியில் திரட்டிய தகவல். கடையை மூடியவர் பெயர் அடுத்த ஓரிரு தொகுப்புகளிலும் நீக்கப்படாமல் கிடக்கலாம். இன்னொரு முகவரிப் புத்தகமான தாக்கர் டைரக்டரி 1885 முதல்தான் இந்தியா முழுமைக்குமானது. அதற்கு முந்தையது வங்காளத்துக்கு உரியது. மெட்ராஸில் பெயர் திடீரென்று மறைந்தால் ஊட்டி, பெங்களூர் பக்கங்களைப் பாருங்கள். கோடையில் கவர்னரோடு பெரிய மனிதர்களும் ஊட்டிக்கு ஏறிவிடுவார்கள். வாடிக்கையாளர் போன இடத்துக்குப் புகைப்படக்காரரும் போனார்.

கம்பெனிப் பெயர் வேறு, ஆள் வேறு என்பது நினைவிருக்கட்டும். மெட்ராஸ் ஸ்டூடியோவான நிக்கலஸ் அண்டு கம்பெனி, கூட்டாளி சேர்ந்தபோது நிக்கலஸ் அண்டு கர்த்ஸ் ஆனது. ஸ்டூடியோவை வாங்குபவர் நெகட்டிவ்களையும் பெயரையும் சேர்த்தே வாங்குவார். அப்படியானால் உங்கள் அட்டையில் பெயர் உள்ளவர் அப்போது அங்கே இல்லாமலும் இருந்திருக்கலாம். கைமாறிய தேதி செய்தித்தாள் விளம்பரத்தில்தான் இருக்கும். மெட்ராஸ் மெயில் 1868இல் தொடங்கியது.

கேட்டவர்

நன்றி ஐயா. லூப்பில் இழை தெளிவாகத் தெரிகிறது, ஆல்புமென்தான். ஒரு சந்தேகம்: இவர் இந்து என்றால் சர்ச் பதிவேட்டில் இருக்க மாட்டார். அதற்கு வழி?

மறுமொழி 3

முதலில் பெயரை மட்டும் வைத்து இந்து என்று முடிவுகட்டாதீர்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் இப்படிப்பட்ட பெயர்கள் உண்டு. மெட்ராஸ் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுச் சங்கமான ஃபிபிஸ் தளத்தின் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். அடக்கப் பதிவில் வயது, தொழில், இறந்த காரணம்; திருமணப் பதிவில் தந்தை பெயர். கிடைத்தால் பெரிய லாபம்.

இந்து என்றால் உயில் பாருங்கள். 1870இன் இந்து உயில் சட்டப்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் மெட்ராஸ் நகரத்தில் இந்துக்கள் எழுதிய உயில்களுக்கும் நீதிமன்ற அனுமதி தேவைப்பட்டது. உயர்நீதிமன்ற உயில் பதிவுகளில் இறந்த ஆண்டை யூகித்து முன்னும் பின்னும் 5 ஆண்டு தேட வேண்டும். ஸ்டூடியோ சொந்த இடம் என்றால் சொத்துப் பதிவு ஆவணங்களும் உதவும், ஆனால் கதவு எண் தெரியாமல் அதில் இறங்கினால் நாள்தான் போகும்.

எனக்கு முக்கியமாகப் படுவது கலைப் பள்ளி. அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கி, பின்பு அரசு ஏற்ற அந்தப் பள்ளியில் புகைப்படக்கலை கற்றுத்தந்தார்கள். 1870களில் தமிழர் ஒருவர் மவுண்ட் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தால், அங்கே படித்தாரா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கல்வித்துறை ஆண்டறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்.

மறுமொழி 1 எழுதியவர்

அந்த 2317ஐ மறந்துவிட்டோமே! அது நெகட்டிவ் எண். வேறு பிரதி வேண்டுவோர் அந்த எண்ணைச் சொல்லி வாங்குவார்கள். இதே ஸ்டூடியோ அட்டைகளில் பின்னால் யாராவது தேதி எழுதியது இரண்டு கிடைத்தால் போதும், இடையில் உங்கள் எண் எங்கே விழுகிறது என்று கணக்கிடலாம். கூட்டாளி மாறினால் எண் மறுபடி 1இலிருந்து தொடங்கியிருக்கலாம். பெரிய கேபினட் அளவுக்குத் தனி வரிசையும் இருக்கலாம். ஆகவே ஒரே பின்புற அச்சு, ஒரே அளவு உள்ளவற்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

நாற்காலி முதுகின் செதுக்கல், தரைவிரிப்பின் பூவேலை, பின்திரை மடிப்பு மூன்றையும் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து இங்கே போடுங்கள். ஒரே நாற்காலி வேறொரு பெயருள்ள அட்டையில் வந்தால், ஸ்டூடியோ யாருக்குக் கைமாறியது என்பதற்கு அதுவே துப்பு.