மொட்டைமாடியில் தேனீப் பெட்டி வைக்க அனுமதி தேவையா?

கேள்வி:
கோயம்புத்தூர் மாநகராட்சி எல்லைக்குள், வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். தேனீ வளர்ப்புப் பயிற்சியை முடித்துவிட்டு, மாடித் தோட்டத்தில் இரண்டு பெட்டிகள் வைக்க எண்ணியுள்ளேன். பக்கத்து வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பதால் அவர்கள் தயங்குகிறார்கள். அவர்கள் புகார் அளித்தால் எந்தச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வரும் என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தேசியத் தேனீ வாரியத்தின் மதுகிராந்தி இணையதளத்தில் தேனீ வளர்ப்போர் பதிவு செய்துகொள்ளலாம்; ஆனால் அண்டை வீட்டார் ஆட்சேபித்தால் அந்தப் பதிவு உங்களைக் காப்பாற்றாது. தெருவாருக்கே இடையூறு என்று புகார் எழுந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி (பழைய சட்டத்தில் 133) வருவாய்க் கோட்டாட்சியர் அதை அகற்றச் சொல்லி நிபந்தனை ஆணை பிறப்பிக்க இடமுண்டு. தம் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேராதபடி காக்கத் தவறுபவருக்கு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டையும் விதிக்கிறது. தேனீ விலங்காகுமா என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். ஒரே வீட்டாரின் குறை என்றால் அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம்.

மறுமொழி 2:
மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக் கொல்லையில் பெட்டி இருப்பது புதிதல்ல. ஆனால் அங்கே ரப்பர் தோட்டம் இருக்கிறது, உங்களுக்கு இருப்பது மாடி மட்டும். ஆகவே இத்தாலியத் தேனீயைத் தவிர்த்து, அடுக்குத் தேனீயையோ, கொட்டவே இயலாத கொசுத்தேனீயையோ தேர்ந்தெடுங்கள். பின்னதில் தேன் சொற்பம்தான், ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டாருக்கு அச்சமிராது. அடுக்குத் தேனீ என்றால், பெட்டியின் வாயில் பக்கத்து வீட்டை நோக்காமல் இருக்க வேண்டும். வாயிலுக்கு எதிரே ஆளுயரத்துக்குப் பச்சை வலை கட்டினால் தேனீக்கள் உயர எழும்பிப் பறந்துவிடும். மாடியிலேயே கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டு வையுங்கள், இல்லையேல் அவை பக்கத்து வீட்டுக் குழாயடியைத் தேடிப் போகும். கொட்டு விழும் முன்பே சண்டை தொடங்குவது பெரும்பாலும் காயும் வேட்டியில் படியும் மஞ்சள் எச்சப் புள்ளிகளால்தான் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பூப்பருவத்தில் வாரம் ஒருமுறை ராணி அறைகள் (புது ராணித் தேனீ வளரும் அறைகள்) கட்டப்படுகின்றனவா என்று பார்த்தால், கூட்டம் பிரிந்து அடுத்த வீட்டு மரத்தில் தொங்கும் நிலை பெரும்பாலும் வராது.

மறுமொழி 3:
நியூயார்க் நகரில் தடைசெய்யப்பட்ட விலங்குகளின் பட்டியலில் தேனீயும் இருந்தது. 2010 மார்ச்சில் சுகாதார வாரியம் அதை நீக்கி, ஐரோப்பியத் தேனீயை மட்டும் அனுமதித்தது. பெட்டி வைப்போர் சுகாதாரத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். நம் மாநகராட்சிகளும் இப்படி ஒரு பதிவேடு வைத்தால், கொசு மருந்துப் புகை அடிக்கும் நாளை முன்கூட்டியே தெரிவிக்க முடியும். இப்போதைக்கு அந்த நாளை நீங்களே வார்டு அலுவலகத்தில் விசாரித்து, தேனீக்கள் கூடு திரும்பிய பின் வாயிலை வலையால் மூடி வைப்பது நல்லது.