திருகோணமலையில் சின்னப் படகில் திமிங்கிலம் பார்க்கப் போறோம், எப்படித் தயாராகணும்?

கோவைக்காரி:
வணக்கம்ங்க. ஏப்ரல் கடைசி வாரம் அம்மா (63), பையன் (10), நான் மூணு பேரும் திருகோணமலை போறோம். அம்மாவுக்குக் கோணேஸ்வரர், பையனுக்கு நீலத் திமிங்கிலம். உப்புவெளியில தங்கறோம். அங்கிருந்து போறது கூரை இல்லாத சின்ன ஃபைபர் படகுங்கறாங்க. அம்மாவுக்கு வால்பாறை பஸ்ல ஒன்பதாவது வளைவு தாண்டறதுக்குள்ள வாந்தி வந்துரும். அவங்களைக் கூட்டிட்டுப் போலாமா? காலைல என்ன சாப்பிடக் குடுக்கறது? பையனுக்கு நீச்சல் தெரியாது, அதை நினைச்சாத்தான் ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது.

உப்புவெளியான்:
தங்கச்சி, நான் பிறந்து வளர்ந்தது உப்புவெளி. அப்பா கடல் தொழில். சீசனுக்கு நானும் படகில போறனான். அம்மாவைத் தாராளமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஏப்ரலில எங்கட பக்கம் கடல் அமைதி. கச்சான் காத்து (தென்மேல் காத்து) பிறகுதான் பலக்கும்.

முதல் வேலை, முதல் நாள் பின்னேரமே கரைக்குப் போய் ஓட்டியோட நேரில கதைக்கிறது. காசைப் பற்றி இல்லை. "பிள்ளையின்ர அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கோ, எடுத்துக் காட்டுங்கோ" எண்டு கேளுங்கோ. பெரியாக்களின்ர அங்கியைப் பிள்ளைக்குப் போட்டா, தண்ணியில விழேக்க அங்கி மேல வரும், பிள்ளை கீழ வழுகிப் போகும். அங்கேயே போட்டு, வார் எல்லாம் இறுக்கி, தோள்பட்டையில பிடிச்சு மேல தூக்கிப் பாருங்கோ. நாடிக்கு (மோவாய்க்கு) மேல ஏறினா அது வேண்டாம். சரியான அங்கி இல்லாட்டி வேற ஓட்டியைப் பாருங்கோ. இதில மட்டும் விட்டுக்குடுக்காதீங்கோ.

படகில அம்மாவை அணியத்தில, அதுதான் முன்பக்கத்தில, இருத்தாதீங்கோ. அங்கதான் தூக்கித் தூக்கி அடிக்கும், நாரிக்கு (இடுப்புக்கு) கூடாது. நடுவுக்குக் கொஞ்சம் பின்னால இருக்கட்டும். கடையாலில, அதுதான் இன்ஜின் இருக்கிற பின்பக்கத்தில, ஒட்டி இருந்தா எண்ணெய்ப் புகை மணத்திலேயே சத்தி (வாந்தி) வரும். கண் தூரத்துக் கடல் விளிம்பில இருக்க வேணும், போனைப் பார்க்கவே கூடாது. வெறும் வயிறும் கூடாது, நிரம்பின வயிறும் கூடாது. ரெண்டு இடியப்பம், இல்லாட்டி பாணும் வாழைப்பழமும் காணும். தலைசுத்துக் குளிசை எடுக்கிறதெண்டா ஊரிலேயே டாக்குத்தரைக் கேட்டு, படகு ஏற ஒரு மணித்தியாலம் முந்தியே குடிக்க வேணும். சத்தி வரத் தொடங்கின பிறகு குடிச்சுப் பயனில்லை.

விடிய 6 மணிக்கு முந்தி வெளிக்கிட்டா வெயில் ஏறமுதல் திரும்பலாம். படகில கழிவறை இல்லை, அம்மாவுக்கு முதலே சொல்லி வையுங்கோ. நாடியில கட்டுற தொப்பி, நீளக்கை உடுப்பு, தண்ணிப் போத்தல், சத்திக்கு ரெண்டு பை.

கரையில இருந்து கிட்டத்திலேயே ஆழம் விழுற கடல் இது. அதாலதான் திமிங்கிலம் இவ்வளவு கிட்ட வருது. கோணேஸ்வரம் மலையில நிண்டு கிழக்குப் பக்கம் பார்த்தாலே சில நாள் ஊதல், அதுதான் திமிங்கிலம் மூச்சு விடேக்க மேல எழும்புற புகை மாதிரி, தெரியும். அம்மா கோயிலுக்குப் போகேக்க பிள்ளையும் பார்க்கட்டும்.

மெட்ராஸ் கடலோடி:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். நான் வேறொரு ஊர்ல போனப்ப நாலு படகு ஒரே திமிங்கிலத்தைத் துரத்துச்சு. எங்க ஓட்டி அது போற வழியில குறுக்கே கொண்டு நிறுத்தினார். அது ஒரே ஒரு தடவை மூச்சு விட்டுட்டு உள்ள போயிடுச்சு, திரும்பி வரவே இல்ல. மனசு ஆறலை. 100 மீட்டருக்குள்ள போகக் கூடாதுன்னு இலங்கையில விதியே இருக்கு. பணம் குடுக்கற நாமதான் "கிட்ட போக வேண்டாம், இன்ஜினை நிறுத்துங்க"ன்னு கிளம்பும்போதே சொல்லணும்.

பையனுக்கு: ஊதல் நேரா உசரமா எழுந்தா நீலத் திமிங்கிலம். முன்பக்கம் இடது சாய்ஞ்சு புதர் மாதிரி வந்தா ஸ்பேர்ம் திமிங்கிலம். ஸ்பேர்ம் உள்ள போனா முக்கால் மணி நேரம்கூட ஆகும். நீலம் பெரும்பாலும் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல மேல வந்துரும்.

உப்புவெளியான்:
தம்பி சொன்னது சரி. இன்னொண்டு, திமிங்கிலம் காணாத நாளும் இருக்கு. பிள்ளைக்கு அதையும் சொல்லித்தான் கூட்டி வர வேணும், தங்கச்சி.

கோவைக்காரி:
போயிட்டு வந்துட்டோம்ங்க. முதல் ஓட்டிகிட்ட சின்ன அங்கி இல்லை. ரெண்டாமவர் வீட்டுக்குள்ள போய் எடுத்துட்டு வந்தார். தோளைப் பிடிச்சுத் தூக்கிப் பார்த்தேன், நகரலை. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

ஒன்றரை மணி நேரம் ஒண்ணுமே இல்லை. அம்மா ஒரு தடவை வாந்தி எடுத்தாங்க, வாய் கொப்பளிச்சுட்டுக் கடல் விளிம்பையே பார்த்துட்டு உட்கார்ந்துட்டாங்க. முதல்ல பார்த்ததும் அவங்கதான். "அங்க புகையுது"ன்னாங்க. ஓட்டி இன்ஜினை நிறுத்திட்டார். அந்த அமைதியில, லாரி டயர்ல காத்து இறங்கற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் முதுகு. சாம்பலும் நீலமுமா, திட்டுத் திட்டா, போய்ட்டே இருக்கு, முடியவே இல்லை. கடைசியில கையளவு மாதிரி ஒரு சின்னத் துடுப்பு. அது உள்ள போன இடத்துல அலையே இல்லாம, எண்ணெய் ஊத்தினாப்பல ஒரு வட்டம் ரொம்ப நேரம் கிடந்துச்சு.

பையன் வாட்சைப் பார்த்து எண்ண ஆரம்பிச்சான். நாங்க யாரும் பேசலை. பதினோராவது நிமிஷம் இடது பக்கம் மறுபடியும் அந்தச் சத்தம்.