மறு: ‘கொலாப்சிபிள் செல்ட்டர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

பேரிடரில் வீட்டைவிட்டு வெளியேறியோர் தங்குவதற்காக, ஒடுக்கி எடுத்துச் சென்று விரித்து நிறுத்தும் குடிலே ‘கொலாப்சிபிள் செல்ட்டர்’. அதற்குத் தமிழ்ப்பெயராக இக்குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்த ‘தகர்வுறு புகலிடம்’ அகராதிப்படி சரியாக இருக்கலாம். ஆயினும் 2018 ஆகஸ்டில் காவிரி பெருகியபோது பவானியில் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கியிருந்தவர்களைப் போன்றோரிடம் அப்பெயர் எழுதிய பொதியை நீட்டினால், அதனுள் படுத்துறங்க எவரும் துணியமாட்டார். ‘மடிப்புக் கூடாரம்’ துணியையும் கயிற்றையுமே நினைவூட்டுகிறது. நாம் பெயரிட முனைவதோ உலோகச் சட்டம் உடையது. கோவைப் பட்டறைகளில் கீலிலோ ஆணியிலோ திரும்பி ஒடுங்குவதை ‘மடக்கு’ என்பதே வழக்கம். ஆகவே ‘மடக்குக் குடில்’ என்பதை முன்வைக்கிறேன்.

இனி அக்குடிலின் சட்டத்துக்கு வருவோம். இரு தண்டுகள் குறுக்கிட்டு ஓர் ஆணியில் திரும்பும் அலகுகளை வரிசையாகக் கோத்தால், ஒரு முனையை இழுத்ததும் சட்டம் முழுவதும் ஒருங்கே விரியும். ஆணி தண்டுகளின் நடுவில் இருந்தால் சட்டம் நேராக நீளும். நடுவிலிருந்து ஒரே பக்கமாகச் சற்று விலகியிருந்தால் வில்லாக வளையும், கூரைக்கு வேண்டியது அந்த வளைவே. இதனைக் ‘கத்தரிச் சட்டம்’ எனலாம், விளக்கம் தேவைப்படாது. எளிதாக விரிவது எளிதாக ஒடுங்கவும் செய்யும் என்பதால், விரித்தபின் குறுக்குத் தண்டு மாட்டி அசையாமல் நிறுத்தியாக வேண்டும். காவிரியில் வெள்ளம் வரும் ஆடி, ஆவணியில்தான் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் கொங்கில் வலுத்து வீசுகிறது என்பதை வடிவமைப்போர் மறக்கலாகாது. அந்தக் குறுக்குத் தண்டுக்கு ‘விரிநிலைப் பூட்டு’ என்பது என் பரிந்துரை. பொருத்துவோர் ‘லாக்’ என்றுதான் சொல்வார்கள், எனினும் கையேட்டில் இச்சொல் இருக்கட்டும்.

நம் கொங்குப் பக்கத்தில் குடிசையைக் குறிக்கும் ‘சாளை’யைச் சேர்த்து ‘மடக்குச் சாளை’ எனலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தோட்டத்துச் சாளையில் வளர்ந்த எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இக்குடில்கள் புயலடிக்கும் கடற்கரைக்கும் செல்ல வேண்டியவை. அங்கே சாளை என்றால் மீன்.

குடிலின் வரைபடத்திலுள்ள அளவுக் குறிப்பிலும் ஒரு திருத்தம் தேவை. ‘ஐவர் தங்கலாம்’ என்று மட்டும் எழுதாமல், பேரிடர் உதவிக்கான பன்னாட்டுத் தரமான ஸ்பியர் நெறிமுறை ஆளொன்றுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கோருவதால், ‘தங்கு பரப்பு 17.5 சதுர மீட்டர்’ என்றும் குறிக்க வேண்டும். ‘தங்கு பரப்பு’ என்பதற்கு மறுப்பு இருந்தால், வரைபடம் அச்சுக்குப் போகும் முன் தெரிவிக்க வேண்டுகிறேன்.