ஸ்டீரியோவை மோனோவாக்கும் கருவி: ‘மாற்றி’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மின்னணுக் கருவிகளைப் பற்றிய கையேட்டில், இடம், வலம் என இரு தடங்களில் (சேனல்களில்) வரும் ஸ்டீரியோ ஒலியை ஒரே தடமான மோனோவாக்கும் ஸ்டீரியோ-மோனோ கன்வர்ட்டருக்கு ‘ஒலி மாற்றி’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவை ஏற்க எனக்குத் தயக்கம் உள்ளது. மின்மாற்றி (டிரான்ஸ்பார்மர்) என்ற சொல்லோடு பழகியவர் உள்ளே கம்பிச்சுருள் இருக்கும் என எண்ணுவார். அதைவிடப் பெரிய இடர், மாற்றி என்றால் திருப்பியும் மாற்றலாம் என்ற எதிர்பார்ப்பு எழுவது. ஒன்றாகக் கலந்த இரு தடங்களை இக்கருவியால் மீண்டும் பிரித்தெடுக்க இயலாது.

கருவி செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிடுவதே முறை. ஹெட்போன்களில் காணும் 3.5 மி.மீ. செருகியின் (பிளக்) நுனியில் இடத் தடமும், நடு வளையத்தில் வலத் தடமும், அடிப்பகுதியில் பொதுத் தரையும் (கிரவுண்ட்) வருகின்றன. கடையில் ரெசிஸ்டர் என்று கேட்டு வாங்கும் மின்தடையங்களில் 1 கிலோ ஓம் உள்ளவற்றை நுனிக்கு ஒன்றும் வளையத்துக்கு ஒன்றுமாகப் பற்றவைத்து, அவற்றின் மறுமுனைகளை ஒன்றுசேர்த்து, அந்தச் சந்தியிலிருந்தும் தரையிலிருந்தும் பெருக்கிக்கு (ஆம்ப்ளிபையர்) கம்பி இழுத்தால் வேலை முடிந்தது. மின்தடையமே வேண்டாமென்று இரு கம்பிகளையும் நேரடியாக முறுக்கிவிடுவோரும் உண்டு. அப்போது இரு தடங்களின் மின்னழுத்தம் வேறுபடும் கணந்தோறும் ஒன்றின் வெளியீட்டுச் சுற்று மற்றதற்குள் மின்னோட்டத்தைத் தள்ளுவதால் ஒலி சிதையும். சுற்றே பழுதாகவும் கூடும். சம மதிப்புள்ள மின்தடையங்கள் இந்த மோதலைத் தணிப்பதோடு, பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பு (உள்ளே வரும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 10 கிலோ ஓமோ அதற்கு மேலோ இருந்தால், இரு மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையில் ஏறத்தாழப் பாதியைச் சந்தியில் தருகின்றன. இரு தடங்களிலும் சமமாக உள்ள பாடகர் குரல் அநேகமாகக் குறையாமல் வரும். ஒரு தடத்தில் மட்டும் ஒலிக்கும் தபேலா 6 டெசிபெல் தாழும். இரு தடங்களிலும் ஒன்றுக்கொன்று தலைகீழான அலையாகப் பதிவானது அறவே மறைந்துவிடும். மூன்றுமே கூட்டலின் விளைவுகள்.

ஆகவே ‘ஓரொலிக் கூட்டி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இலக்க (டிஜிட்டல்) சுற்றுகளில் எண்களைக் கூட்டும் சுற்றுக்குக் ‘கூட்டி’ ஏற்கெனவே வழங்குகிறதே எனலாம். இங்கும் நடப்பது கூட்டலே, ‘ஓரொலி’ என்ற முன்னடை குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

மோனோ ஓரொலி எனில் ஸ்டீரியோ ஈரொலி ஆகும். ‘திண்மவொலி’ என்று பரிந்துரைத்த நண்பர் ஸ்டீரியோவின் கிரேக்க வேர்ச்சொல்லுக்குத் திண்மம் என்ற பொருள் இருப்பதைச் சரியாகவே காட்டினார் என்றாலும், அச்சொல்லைக் கொண்டு எந்தக் கம்பியை எங்கே பற்றவைப்பது என்று எவரும் ஊகிக்க முடியாது. ஈரொலிக்கு எதிராக எழக்கூடிய வலுவான வாதம் வேறு: அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தார் 1933இல் பிலடெல்பியாவின் இசைக்குழு வாசித்ததை வாஷிங்டனுக்கு அனுப்பிக் காட்டிய ஸ்டீரியோ மூன்று தடங்கள் கொண்டது. ஆயினும் நம் கையேட்டில் வருவன எல்லாம் இரு தடக் கருவிகளே என்பதால் இச்சொல் போதும்.

எஞ்சியிருப்பது சேனல். மேலே ‘தடம்’ என்றே எழுதியுள்ளேன், ஆனால் ஒலிப்பதிவில் டிராக்கையும் தடம் என்றே சொல்கிறோம். ‘வழி’ எனலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.