இழை: ‘சைன் ஆக்ட்’ தமிழில் – ‘செயல்வாக்கு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை இன்று காலை முதலிலிருந்து படித்தேன். விவிலியத்தில் வரும் எபிரேய இறைவாக்கினர்கள் (தீர்க்கதரிசிகள்) தங்கள் செய்தியை வாயால் மட்டும் சொல்லாமல் செய்தும் காட்டினார்கள். அப்படிப்பட்ட செயலை ஆங்கிலத்தில் ‘சைன் ஆக்ட்’ என்கிறார்கள். ஜெர்மனிலும் அதே கட்டுமானம்தான்: ‘ட்சைஷன்’ என்றால் அடையாளம், ‘ஹான்ட்லுங்’ என்றால் செயல். தமிழுக்கு இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: அடையாளச் செயல், குறியீட்டுச் செயல், குறிச்செயல், நடித்துக்காட்டல், மெய்வாக்கு. நான் ஆறாவதாக ‘செயல்வாக்கு’ என்பதை முன்வைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> அடையாளச் செயல் என்றே வைத்துக்கொள்வோமே. எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும். ஆனால் எப்படிப் புரியும் என்பதுதான் என் கவலை. நாளிதழ் படிக்கும் எவருக்கும் ‘அடையாள வேலைநிறுத்தம்’, ‘அடையாள உண்ணாவிரதம்’ பழக்கமான சொற்கள். ஒரு நாள் செய்துவிட்டு மறுநாள் வழக்கம்போல் வேலைக்குத் திரும்புவது. அந்த வாடை ‘அடையாளச் செயல்’ மீதும் ஒட்டிக்கொள்ளும்.

இறைவாக்கினர் எசேக்கியேலை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவர். பாபிலோனியாவில், கேபார் கால்வாய் ஓரத்தில் குடியிருந்தார். ஒரு செங்கல்லில் எருசலேம் நகரை வரைந்து, அதைச் சுற்றி முற்றுகை போட்டு, நடுவில் ஓர் இரும்புச்சட்டியை மதிலாக நிறுத்தி, இடப்பக்கமாக 390 நாளும் வலப்பக்கமாக 40 நாளும் ஒருக்களித்துக் கிடக்க வேண்டும் என்று அவருக்குக் கட்டளை வந்தது. கோதுமை, வாற்கோதுமை, பயறு, தினை என்று கையில் கிடைத்த தானியத்தையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கலந்து சுட்ட அப்பம்தான் சாப்பாடு. அதுவும் நாளுக்கு 20 சேக்கல் எடை, நம் கணக்கில் கால் கிலோவுக்கும் குறைவு. தண்ணீரும் அளந்துதான். முற்றுகைக்குள் சிக்கிய நகரத்தின் பசியை ஒரு மனிதர் தம் வயிற்றில் ஓராண்டுக்கு மேல் சுமப்பதை ‘அடையாள’ என்ற அடைமொழியோடு எழுத எனக்கு மனம் வரவில்லை.

> நடித்துக்காட்டல் என்பது எளிய சொல். தெருக்கூத்து மாதிரிதானே இதுவும்?

செங்கல் காட்சியை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். எங்கள் ஞாயிறு மாலை வகுப்பில் நானும் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். எசேக்கியேல் 24ஆம் அதிகாரம் வந்தபோது அது நின்றுபோனது. அவருடைய மனைவி, ‘உன் கண்களுக்கு விருப்பமானவள்’ என்று அங்கே சொல்லப்படுகிறவர், ஒரே நாளில் இறந்துபோகிறார். அழக்கூடாது, தலைப்பாகையைக் கழற்றக்கூடாது, செருப்பைக் கழற்றக்கூடாது, துக்கவீட்டுச் சாப்பாடு சாப்பிடக்கூடாது என்பது கட்டளை. எருசலேம் ஆலயம் விழும்போது நீங்களும் இப்படித்தான் அழக்கூட முடியாமல் திகைத்து நிற்பீர்கள் என்று மக்களுக்குச் சொல்ல அந்தச் சாவே வாக்காகிறது. அதைப் படித்து முடித்ததும், கணவரை இழந்து ஓராண்டுகூட ஆகாத ஓர் அம்மா கேட்டார்: “ஐயா, இதை நடிப்புன்னு எப்படிச் சொல்றது?” எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

குறிச்செயல் பற்றி அதிகம் பேச வேண்டாம். ‘குறி’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குறி சொல்லுதல். விவிலியத்தின் உபாகம நூல் 18ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேலுக்கு விலக்கப்பட்டவர்களின் பட்டியலில், நம் பழைய மொழிபெயர்ப்பின்படி, குறிசொல்லுகிறவனும் நாள்பார்க்கிறவனும் வருகிறார்கள். உங்களுக்கு அவர்கள் வேண்டாம், ஓர் இறைவாக்கினரை எழுப்புவேன் என்றுதான் அதே அதிகாரம் தொடர்கிறது. எதற்கு மாற்றாக இறைவாக்கினர்கள் வந்தார்களோ அதையே இவர்கள் தலையில் கட்ட வேண்டாமே.

குறியீட்டுச் செயல் கொஞ்சம் வலுவான சொல். இலக்கியத் திறனாய்வில் நன்றாக வேரூன்றியது. இலங்கை நண்பர் இதைத்தான் பிடிவாதமாகக் கேட்கிறார். ஐயா, உங்கள் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் குறியீடு என்றால் ஒன்று இன்னொன்றுக்குப் பதிலாக நிற்பது. குறிப்பைப் புரிந்துகொண்டபின் குறியைத் தள்ளிவைத்துவிடலாம். இன்னோர் இறைவாக்கினரான எரேமியா நிலம் வாங்கிய கதையை (32ஆம் அதிகாரம்) இதோடு வைத்துப் பாருங்கள். எருசலேமைப் பாபிலோனியப் படை வளைத்திருக்கிறது. எரேமியாவோ காவல்முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். ஒன்றுவிட்ட சகோதரர் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள குடும்ப நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே நாலைந்து கிலோமீட்டர்தான். எதிரிப்படை நிற்கும் பக்கம். அந்த நேரத்தில் அந்த மண்ணுக்கு யார் விலை கொடுப்பார்கள்? எரேமியா கொடுத்தார். 17 சேக்கல் வெள்ளி, ஏறத்தாழ 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுத்தார். கிரயப்பத்திரம் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டு, முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் எழுத்தர் பாரூக்கிடம் ஒப்படைத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்பதே வாக்கு. வெள்ளி உண்மையாகவே கைமாறியது, பத்திரம் சட்டப்படி செல்லும். இங்கே எதைக் குறி என்று தள்ளிவைப்பது? அந்தப் பத்திரம்தான் வாக்கு.

இனி மெய்வாக்கு. மதுரை அக்கா தந்த சொல். முதலில் படித்தபோது இதுதான் என்று துள்ளினேன். மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாடும் கூடவே வந்து நிற்கிறது. இவ்வளவு அழகான சொல்லை வேண்டாம் என்று சொல்ல நான்கு நாள் பிடித்தது. ஆனால் எரேமியா 28 குறுக்கே நிற்கிறது.

யூதா நாட்டுச் சிதேக்கியா அரசரின் நான்காம் ஆண்டு, கி.மு. 594 வாக்கில். பாபிலோனுக்குப் பணிந்து பிழைத்திருங்கள் என்று சொல்ல எரேமியா மரநுகத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார். ஆலயத்தில் ஆசாரியர்களும் மக்களும் பார்த்துக்கொண்டிருக்க, அனனியா என்ற இன்னோர் இறைவாக்கினர் எழுந்து, இரண்டே ஆண்டில் பாபிலோன் அரசனின் நுகம் முறியும் என்றார். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைக் கழற்றி அங்கேயே உடைத்தும் போட்டார். அதற்கு முன் எரேமியா சொன்னது: ஆமென், ஆண்டவர் அப்படியே செய்யட்டும். நுகம் உடைந்தபின் அவர் ஒன்றும் பேசவில்லை, தன் வழியே போய்விட்டார். உடைந்தது மரநுகம், அதன் இடத்தில் இரும்பு நுகம் வருகிறது என்ற வாக்கோடு திரும்பிவந்தது பிறகுதான். ஊர் அழியக்கூடாது என்று அனனியாவைவிட அவருக்குத்தான் ஆசை என்று அந்த ‘ஆமென்’ காட்டுகிறது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சொல்லுக்கு வருகிறேன். அன்று அங்கே நடந்தவை இரண்டு. எரேமியா நுகம் சுமந்தது ஒன்று, அனனியா அதை உடைத்தது இன்னொன்று. வடிவத்தில் இரண்டும் ஒரே வகை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எது உண்மை என்று அந்த நேரத்தில் தெரிய வழியில்லை. ஆகாப் அரசர் முன்னிலையில் இரும்புக்கொம்புகள் செய்துகொண்டு வந்து, இவற்றால் சீரியரை முட்டித்தள்ளுவீர் என்ற கெனானாவின் மகன் சிதேக்கியாவும் இதையே செய்தார். அனனியா செய்ததை ‘மெய்வாக்கு’ என்று எழுத முடியுமா? ‘பொய்யான மெய்வாக்கு’ என்றா எழுதுவது? கலைச்சொல் முதலில் வகையைச் சொல்லட்டும். உண்மையா பொய்யா என்பதைக் கட்டுரை எழுதுகிறவர் தனியாகச் சொல்லிக்கொள்வார்.

சரி, ஏன் செயல்வாக்கு?

எபிரேயத்தில் ‘தாபார்’ என்று ஒரு சொல். சொல் என்றும் பொருள், காரியம், நடப்பு என்றும் பொருள். நாம் நாளாகமம் என்று அழைக்கும் நூலின் எபிரேயப் பெயர் ‘திவ்ரே ஹயாமீம்’. நாட்களின் சொற்கள் என்றும் பெயர்க்கலாம், நாட்களின் நடப்புகள் என்றும் பெயர்க்கலாம். ஆண்டவரின் தாபார் எரேமியாவுக்கு உண்டாயிற்று என்று நூல் சொல்லும்போது வந்து சேர்ந்தது ஒரு வாக்கியமாகவும் இருக்கலாம், குயவன் வீட்டுக்குப் போ என்பதாகவும் இருக்கலாம். சொல்லும் செயலும் ஒரே வேரில் கிடக்கும் அந்த மொழியிலிருந்து பெயர்க்கும்போது, இரண்டையும் ஒரே தொகையில் கட்டும் சொல் நமக்கு இருப்பது நல்லது. இறைவாக்கு, இறைவாக்கினர் என்பவை 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பிலிருந்தே பலருக்கும் பழகிவிட்டன. செயல்வாக்கு அதே குடும்பத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று: செயல் வாக்கை விளக்குவதோடு நிற்பதில்லை, வாக்கின் அளவையே அது தீர்மானிப்பதும் உண்டு. இறைவாக்கினர் எலிசா சாகக்கிடக்கும்போது இஸ்ரயேல் அரசர் யோவாசிடம் அம்புகளைக் கொடுத்துத் தரையில் அடிக்கச் சொல்கிறார். அரசர் மூன்று முறை அடித்து நிறுத்திக்கொள்கிறார். எலிசாவுக்குக் கோபம்: ஐந்தாறு முறை அடித்திருந்தால் சீரியாவை முற்றிலும் முறியடித்திருப்பாய், இனி மூன்று முறைதான் வெல்வாய்!

> வாக்கு என்றால் இன்றைக்கு ஓட்டு. வாக்குச்சீட்டு, வாக்குச்சாவடி... குழப்பம் வராதா?

வராது என்று நினைக்கிறேன். வாக்குத் தவறினான், அருள்வாக்கு, வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று நாம் தினமும் பேசுகிறோம். யாரும் வாக்குச்சாவடியை நினைப்பதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைக் காப்பாற்றிவிடும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். ‘ஏசாயா ஆடையின்றி வெறுங்காலோடு மூன்று ஆண்டு நடந்தது, அஸ்தோத்தின் வீழ்ச்சியை ஒட்டிய செயல்வாக்கு.’ ‘அனனியாவின் செயல்வாக்கு எரேமியாவின் செயல்வாக்கை எதிர்த்தது.’ ‘எசேக்கியேலில் செயல்வாக்குகள் மிகுதி.’ உறுத்தவில்லை.

பதிவுக்கு வரையறை இப்படி: இறைவாக்கினர் ஒருவர், இறைக்கட்டளை என்று அறிவித்து, சொல்லோடு சேர்த்தோ சொல்லுக்கு ஈடாகவோ பிறர் காணச் செய்யும் செயல். முதலில் ‘ஊரார் காண’ என்று எழுதியிருந்தேன். இறைவாக்கினர் அகியா தம் புதுச் சால்வையைப் பன்னிரண்டாகக் கிழித்து யெரொபெயாமிடம் பத்துத் துண்டு கொடுத்தபோது வயல்வெளியில் இருந்தது அவர்கள் இருவர் மட்டுமே. அதனால் மாற்றினேன்.

ஓரிடத்தில் மட்டும் எனக்குத் தெளிவில்லை, உங்கள் கருத்து வேண்டும். இறைவாக்கினர் ஓசியா தம் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள்: யெஸ்ரயேல், லோருகாமா, லோஅம்மி. கடைசிப் பெயருக்கு ‘என் மக்கள் அல்ல’ என்று பொருள். விளையாடப் போன பிள்ளையை ஓசியா வாசலில் நின்று கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் தெருவுக்கே அந்த வாக்கு கேட்டிருக்கும். பெயரிட்டது செயல், பெயரோ சொல். இதைச் செயல்வாக்குக்குள் அடக்கலாமா, ‘பெயர்வாக்கு’ என்று தனிப் பதிவு போடலாமா?

அன்புடன்.